கேடயத்துக்குக் கை இல்லை

"குருவே, சிறந்த ஆயுதம் எது?"

"பருப்பு இன்னும் வேகல" என்றார் குரு.

சீடன் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். எவ்வளவு ஆழமான பதில்!

அப்போது ஹெட்செட்டில் குக்கர் விசில் அடித்தது.

அது இணையத்தில் கூட்டமாக ஆடும் விளையாட்டு. குரு அதில் வெள்ளைத் தாடிச் சித்தர், பெயர் வேப்பிலையார், காயம்பட்டவர்களுக்கு மருந்து போடுகிறவர். நிஜத்தில் அவர் அம்பத்தூர் செண்பகவல்லி. அடுப்பு மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒரு கையால் தாளிப்பார், மறு கையால் உயிர் கொடுப்பார்.

சீடன் குணாளனுக்கு வேலூரில் இன்சூரன்ஸ் கம்பெனி வேலை. விளையாட்டில் அவன் இடிமுழக்கம்.

இடிமுழக்கத்தின் கடமை முன்னால் நிற்பது. டிராகன் ஊதும் நெருப்பை முதல் ஆளாக வாங்கிக்கொள்வது.

அவனுக்கோ அடிப்பதில்தான் ஆசை. அடித்தால் அடியின் பலம் டிராகன் தலைக்கு மேல் ஓர் எண்ணாகத் தெரியும். எண் பெரிதாக வந்துவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு வேண்டாம்.

போன மாதம் அப்படி ஆசையாக வாளைச் சுழற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்ற ஒருவர் கருகிப்போனார். அந்தக் குகையில் செத்தால் செத்ததுதான். வருஷக்கணக்கில் வளர்த்த ஆள் அழிந்துவிடுவான். மறுபடி முதலிலிருந்து, ஒரு மரக்குச்சியோடு தொடங்க வேண்டும். பாவம், அவர் கேரம் போர்டு ஆடப் போய்விட்டார்.

இன்று மறுபடியும் அதே குகை.

எல்லோரும் வாசலில் காத்திருந்தார்கள். இடிமுழக்கம் மட்டும் கடைத்தெருவில் நின்று ஆயுதங்களைக் கழற்றிக்கொண்டும் மாட்டிக்கொண்டும் இருந்தான்.

"அண்ணே, கல்யாணப் பொண்ணுகூட இந்நேரம் பட்டுச் சேலை எடுத்து முடிச்சிருக்கும்" என்றாள் வில்லாளி மின்மினி.

"சும்மா இரும்மா. எது நல்ல ஆயுதம்னு நெட்டுல ஆளுக்கு ஒண்ணு சொல்றான்."

ஒருவழியாக வந்து சேர்ந்தான். தலையில் கொம்பு வைத்த கிரீடம். கையில் எரிகிற வாள். நடந்தாலே பொறி பறந்தது.

"எப்படி இருக்கு குருவே?"

"கேடயம் எங்கப்பா?"

"இது ரெண்டு கையாலயும் பிடிக்கிற வாள். கேடயத்துக்குக் கை இல்ல."

"வச்சிருக்கியா, வித்துட்டியா?"

"பைக்குள்ள கெடக்கு. அது சொட்டை விழுந்த பழசு குருவே. அத மாட்டினா என் எண்ணு பாதியாயிடும்."

குருவின் பக்கமிருந்து கரண்டிச் சத்தம் கேட்டது.

"நீங்களே சொல்லுங்க. இதானே சிறந்தது? இல்ல, பனிக்கோடாலி எடுத்துட்டு வரட்டுமா? கடை தொறந்துதான் இருக்கு."

மின்மினி தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் மைக்கில் தெளிவாகக் கேட்டது.

வேப்பிலையார் தலைப்பாகையைக் கழற்றிக் கீழே போட்டார்.

பிறகு மந்திர அங்கியை.

பிறகு காப்பு, இடுப்புப் பட்டை, பாதக்குறடு.

எல்லாம் நெருப்புத் தாங்குபவை. அவற்றைச் சேர்க்க அவர் எத்தனை சாம்பாரைத் தீயவிட்டார் என்பது அவர் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

இப்போது வெள்ளைத் தாடியும் பட்டாப்பட்டி டிராயருமாக நின்றார்.

"குருவே, என்ன இது?"

குரு குகைக்குள் நடந்தார்.

"ஐயோ, உள்ள போகாதீங்க! ஒரு ஊதுக்குத் தாங்க மாட்டீங்க!"

அவன் பின்னாலேயே ஓடினான். மற்றவர்களும் ஓடினார்கள்.

உள்ளே கரிய டிராகன் தூங்கிக்கொண்டிருந்தது. குரு ஒரு கல்லை எடுத்து அதன் மூக்கில் எறிந்தார்.

அது ஒரு கண்ணைத் திறந்தது.

குரு சாவதானமாக நடந்து வந்து இடிமுழக்கத்தின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"இப்பச் சொல்லுப்பா. எது சிறந்தது?"

டிராகன் மூச்சை இழுத்தது.

செண்பகவல்லியின் அத்தனை வருஷமும் அந்த டிராயரோடு பின்னால் நின்றது. குணாளன் நெட்டைப் பார்க்கவில்லை. யாரையும் கேட்கவில்லை. எரிகிற வாள் தரையில் விழுந்தது. பைக்குள் கைவிட்டுச் சொட்டைக் கேடயத்தை எடுத்தான்.

நெருப்பு வந்தது.

கேடயம் சிவந்தது. கிரீடம் உருகியது. இடிமுழக்கத்தின் மீசையில் ஒரு பக்கம் போயே போய்விட்டது.

குருவின் தாடியில் ஒரு முடிகூடக் கருகவில்லை.

மின்மினியின் அம்புகள் பறக்கத் தொடங்கின. டிராகன் தலைக்கு மேல் எண்கள் வந்தன. ஒன்றுகூட அவனுடையதில்லை.

"குருவே, இருக்கீங்களா?"

விசில் சத்தம் கேட்டது.

"பருப்பு வெந்துடுச்சுப்பா. எறக்கி வச்சுட்டு வந்துடறேன்" என்றார் குரு. "நான் இங்கதான் நிக்கிறேன், பாத்துக்கோ."

லேப்டாப்பை விட்டு அவர் நகர்ந்துபோகும் செருப்புச் சத்தம் கேட்டது.

டிராகன் மறுபடி மூச்சை இழுத்தது.

இடிமுழக்கம் காலை அகட்டி வைத்துக்கொண்டான்.