சாமி கார் பார்க்கப் போனார்

வடவள்ளிப் பக்கம் ஒரு சாமியார் இருந்தார். காலையில் ஆசனம் சொல்லிக்கொடுப்பார். மாலையில் வருகிறவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். பேச எதுவும் இல்லையென்றால் சும்மா இருப்பார். எல்லோருக்கும் அவர் சாமி.

அவருடைய சீடர்களில் ஒருவர் தெய்வசிகாமணி. பீளமேட்டில் பம்ப்செட் கம்பெனி வைத்திருந்தார். குருவுக்கும் சீடருக்கும் ஒரே வயது, ஐம்பத்தாறு. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அப்போது சாமியின் பெயர் செங்கோடன். இப்போது சிகாமணி மரியாதையாக "வாங்க சாமி, போங்க சாமி" என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் நாக்கு பழைய பெஞ்சுக்குப் போய்விடும்.

ஒருநாள் மாலை சிகாமணி வந்து உட்கார்ந்தார்.

"சாமி, ஒரு கார் வாங்கலாம்னு இருக்கறேனுங்க."

"வாங்கு."

"சாதா காரில்லீங்க. ஸ்போர்ட்ஸ் கார். ஒருத்தர் வெச்சிருந்தது, விலைக்கு வந்திருக்குது. சிவப்பு. ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு."

"சரி."

"வாங்கட்டுங்களா, வேண்டாங்களா?"

"பரிமளம் என்ன சொல்லுது?"

பரிமளம் சிகாமணியின் மனைவி.

"உங்களுக்குப் பிடிச்சா வாங்கிக்குங்கன்னுட்டாங்க."

"டாக்டரு?"

சிகாமணிக்குப் போன ஐப்பசியில்தான் நெஞ்சுவலி வந்து போயிருந்தது.

"மெதுவா ஓட்டுங்கன்னாருங்க."

"ஆடிட்டர்?"

"அவருக்கும் சம்மதந்தானுங்க. ஒருத்தராச்சும் வேண்டாம்னு சொல்ல மாட்டேங்கறாங்க சாமி. அதான் இங்க வந்தேன்."

"நான் வேண்டாம்னு சொல்லணுமா?"

சிகாமணி தரையைப் பார்த்தார்.

"சொன்னா நல்லாருக்குமுங்க."

"நான் காரையே பாக்கலியே. காலைல வா. போய்ப் பாத்துட்டு வரலாம்."

சிகாமணி இதை எதிர்பார்க்கவில்லை. ஆசையைப் பற்றி நாலு வார்த்தை வரும், தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்கலாம் என்று வந்திருந்தார்.

மறுநாள் காலை இருவரும் அவிநாசி ரோட்டில் இருந்த அந்தக் கடைக்குப் போனார்கள். பழைய கார்களைத் துடைத்து மெருகேற்றி விற்கிற பெரிய கடை. சாமி முன்னால் நடந்தார். அங்கே விற்பனையாளனாக இருந்த ஃபெலிக்ஸ் காவி வேட்டியைப் பார்த்தான்.

"ஐயா, நன்கொடைக்குன்னா மேனேஜர் வரணுங்க."

"கார் பாக்க வந்தோம் கண்ணு."

பின்னால் வந்த சிகாமணியின் கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் ஃபெலிக்ஸ் கும்பிட்டான்.

கார் கண்ணாடிச் சுவரை ஒட்டி நின்றது. சிவப்பென்றால் அப்படியொரு சிவப்பு. சிகாமணி கொஞ்சம் தள்ளி நின்றார். சாமி சுற்றிச் சுற்றி வந்தார்.

"எஞ்சின் எங்க கண்ணு?"

"பின்னாடிங்க சாமி."

"அப்ப சாமான் வைக்கிற டிக்கி?"

"முன்னாடிங்க."

"நல்லாருக்கே!" என்றார் சாமி. "இதுக்கு முன்னாடி யாரு வெச்சிருந்தாங்க?"

"ஒரு கண் டாக்டருங்க. ரொம்ப ஓட்டவே இல்ல. ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் வெளிய எடுப்பாரு."

"மத்த நாளு?"

"தொடைப்பாருங்க."

ஓட்டிப் பார்க்கலாம் என்று முடிவானது. சாமி கதவைத் திறந்தார், குனிந்தார், உள்ளே இருந்தார். அவ்வளவுதான் தெரிந்தது. ஸ்டியரிங் பக்கம் சிகாமணி முதலில் தலையை நுழைத்தார். உடம்பு வரவில்லை. அப்புறம் வலது காலை நுழைத்தார். தலை வரவில்லை.

"சார், மொதல்ல திரும்பி உக்காந்துருங்க. அப்புறமா காலை எடுத்து உள்ள வைங்க" என்றான் ஃபெலிக்ஸ்.

"கால் வர மாட்டேங்குதப்பா."

ஃபெலிக்ஸ் குனிந்து அந்தக் காலைத் தானே எடுத்து உள்ளே வைத்தான். பிறகு சாமி பக்கம் வந்து நின்றான்.

"சாமி, நான் கூட வரணுங்க. கடை ரூல்ஸ்."

"இங்க இடமில்லியே கண்ணு."

சாமி ஏற்கெனவே பெல்ட் போட்டிருந்தார். ஃபெலிக்ஸ் தன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான்.

கொஞ்ச நேரத்தில் முன்னால் போனான். ரோட்டில் அப்படி நெரிசல். காருக்கு முன்னே ஒரு டவுன் பஸ் நின்று நின்று போனது. ஃபெலிக்ஸ் ஒவ்வொரு சிக்னலிலும் ஸ்கூட்டரை ஓரங்கட்டி இவர்களுக்காகக் காத்திருந்தான். வேகத்தடை வந்தபோது இறங்கி ஓடிவந்து, "சார், நேரா ஏத்தாதீங்க, அடி தட்டும், சாய்ச்சு ஏத்துங்க" என்று கைகாட்டினான். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

சிக்னலில் பைக்கில் வந்த ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். சிகாமணி இறக்கினார்.

"அண்ணா, சூப்பருங்ண்ணா. மைலேஜ் எவ்வளவு குடுக்குதுங்க?"

சிகாமணி சாமி பக்கம் திரும்பினார்.

"இன்னும் கேக்கலீங்க" என்றார் சாமி.

பஸ் மறுபடியும் நின்றது. சிகாமணி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பேசினார்.

"சாமி, ஒண்ணு சொல்லோணும். ஆஸ்பத்திரில நெஞ்சு வலிச்சுப் படுத்திருந்தேன்ல, அப்ப பரிமளம் ஞாபகம் வரலீங்க. பையன் ஞாபகம் வரலீங்க. பாலிடெக்னிக் ஹாஸ்டல்ல என் பீரோக் கதவுக்கு உள்பக்கம் ஒரு கார் படம் ஒட்டி வெச்சிருந்தேன். சிவப்புக் கார். அதுதான் வந்துச்சு. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சுங்க."

"கடவுள் ஞாபகம்?"

"வரலீங்க."

"நான்?"

"நீங்களும் வரலீங்க."

சாமி சிரித்தார். அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஏர்போர்ட் தாண்டியதும் ரோடு திடீரென்று காலியானது. பஸ் ஓரமாக ஒதுங்கியது, ஃபெலிக்ஸும் பின்தங்கினான். முன்னே வெறும் தார். சிகாமணி சாமியைப் பார்த்தார். சாமி ரோட்டைப் பார்த்தார். சிகாமணி காலை அழுத்தினார்.

முதுகுக்குப் பின்னால் ஏதோ உறுமியது. இருவரையும் யாரோ சீட்டோடு சேர்த்துத் தள்ளியது போலிருந்தது. வேப்பமரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஃபெலிக்ஸ் கண்ணாடியில் ஒரு புள்ளியாகி, அதுவும் இல்லாமல் போனான்.

"டேய் சிகாமணி!" என்று கத்தினார் சாமி.

சிகாமணி பயந்துபோய்க் காலை எடுத்தார்.

"ஏனுங்க சாமி?"

"ஒண்ணுமில்ல. நீ போ."

கொஞ்ச தூரத்தில் பாலம் வேலைக்காக ரோட்டை மறித்திருந்தார்கள். திரும்பி வந்தார்கள்.

கடை வாசலில் சாமி இறங்கிவிட்டார். சிகாமணி இறங்கவில்லை. ஒரு கால் வெளியே வந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது. ஃபெலிக்ஸ் ஒரு கையையும், வாசல் காவலர் மறு கையையும் பிடித்து, கிணற்றிலிருந்து தூக்குவது போல அவரை வெளியே எடுத்தார்கள். சிகாமணி வளைந்தபடியே நின்றார்.

"சார், புக் பண்ணிரலாங்களா?"

சிகாமணி மெல்ல மெல்ல நிமிர்ந்தார். காரை ஒருமுறை பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சாந்தம் வந்தது.

"வேண்டாம் தம்பி."

வரும் வழியில் ஒரு பேக்கரியில் நிறுத்தினார்கள். ஆளுக்கொரு டீ, தேங்காய் பன். சிகாமணி உட்காராமல் தூணில் சாய்ந்து நின்றார்.

"சாமி, ஆசை போயிருச்சுங்க."

"அப்படியா?"

"அப்படியே கழண்டுருச்சுங்க. உள்ள தேடிப் பாக்கறேன், ஒண்ணுமே இல்ல. மனசு லேசா இருக்குது. இதைத்தானே இத்தனை வருஷமாச் சொல்லிட்டிருந்தீங்க?"

சாமி பன்னைப் பிய்த்தார்.

"ஆசையை விட்டது நீயில்ல சிகாமணி. உன் இடுப்பு."

சிகாமணியின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"என்ன சாமி, இப்படிச் சொல்லிப்போட்டீங்க?"

"சூடா எண்ணெய் தேய்ச்சு, நாளைக்கு வலி போயிருச்சுன்னு வெய்யி. என்ன பண்ணுவே?"

சிகாமணி யோசித்தார். நேர்மையான மனிதர்.

"அந்தக் கடைப் பையனுக்கு போன் பண்ணிருவேனுங்க."

சாமி பன்னைச் சாப்பிட்டார்.

"அப்ப நான் சிகரெட்டை விட்டது?"

"அது டாக்டர் விட்டது."

"சீட்டாட்டத்தை விட்டேனுங்களே?"

"கிளப்பை மூடிட்டாங்க."

"சரி, அதெல்லாம் போகட்டும். கோபம்? கோபத்தை நானாத்தானே விட்டேன்?"

"விட்டுட்டியா?"

"டேய் செங்கோடா!"

பேக்கரியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காவி கட்டியவரைப் பெயர் சொல்லி அதட்டுகிற ஆளை அவர்கள் பார்த்ததில்லை. சிகாமணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக வந்து, இடுப்பைப் பிடித்தபடி, சாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இரண்டு பேரும் டீயைக் குடித்து முடித்தார்கள்.

"உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்களே சாமி" என்றார் சிகாமணி. "ஏறுனீங்க, எறங்குனீங்க. ஆசனம் பண்ணுன ஒடம்பு. ஒரு வலி உண்டா, பிடிப்பு உண்டா? குடுத்து வெச்சவர் நீங்க."

சாமி டீ கிளாஸைக் கீழே வைத்தார். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"ஏர்போர்ட் தாண்டி ஒரு விடு விட்டியே..."

"ஆமாங்க."

"எனக்கு இடுப்பு வலிக்கல சிகாமணி. அதான் பயமா இருக்குது."