நிழலில் நின்ற நோர்பு

“டீச்சர், அஞ்சு குளிர்காலமா உங்க பின்னாடி நடக்கிறேன். சுவர்ல மாட்டுறதுக்கு என் படம் ஒண்ணுகூடத் தேறலையா?”

பொன்னையா இப்படிக் கேட்டபோது அவர்கள் செம்பாறைப் பிளவுக்குள் நடந்துகொண்டிருந்தார்கள். இரு பக்கமும் பனை உயரத்துக்கு மேல் பாறைச் சுவர். நடுவே மணல். மணலை ஒட்டி ஓடிய ஓடை உறைந்து கிடந்தது.

நஸ்ரின் டீச்சர் நடையை நிறுத்தாமல் முன்னால் போனாள்.

பொன்னையாவுக்குக் கோவில்பட்டியில் போட்டோ ஸ்டுடியோ. டீச்சருக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். வருஷம் தவறாமல் மார்கழியில் சீடர்களை வடக்கே இந்தக் குளிர்ப் பாலைவனத்துக்குக் கூட்டி வருவாள். நடக்க வைப்பாள், படம் எடுக்க வைப்பாள். மனதைத் தொட்ட படத்தைத் தன் புகைப்படப் பள்ளிச் சுவரில் மாட்டுவாள்.

இந்த வருஷமும் மாட்டாவிட்டால் கேமராவை விற்றுவிடுவது என்று ரயில் ஏறும்போதே பொன்னையா முடிவு செய்திருந்தார். இன்று கடைசி நாள்.

“நேத்து எடுத்ததைக் காட்டுங்க, அண்ணாச்சி.”

காட்டினார். தங்க வெயிலில் குளித்த பாறை. இம்மி கோணல் இல்லை, துளி கலங்கல் இல்லை.

டீச்சர் கேமராவை வாங்கி நோர்புவிடம் நீட்டினாள். கழுதைகளின் மேல் மூட்டை ஏற்றி வருகிறவர் நோர்பு. டீச்சரோடு பல வருஷம் சுற்றியதில் கொஞ்சம் தமிழ் ஒட்டிக்கொண்டிருந்தது.

“நல்லா இருக்கு. கோடையில எடுத்ததா?”

“யோவ், நேத்து எடுத்ததுய்யா! பாட்டில் தண்ணியே கல்லாப் போச்சே!”

“அது படத்துல இல்லையே,” என்று நோர்பு சிரித்தார்.

பொன்னையாவுக்குச் சுருக்கென்றது. “பாத்தீங்களா டீச்சர், கழுதை ஓட்டுறவர் எனக்குப் பாடம் நடத்துறார்.”

“அவரையே ஒரு படம் எடுங்க.”

பொன்னையாவுக்கு உயிர் வந்தது. ஆளைப் படம் எடுப்பது அவருக்குக் கைவந்த வேலை. பிளவுக்குள் ஒரே ஓர் இடத்தில் பாய் அகலத்துக்கு வெயில் விழுந்திருந்தது. அதில் பொன்னையாதான் நின்றார். நோர்பு கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிழலில் நின்றார்.

“வெயிலுக்கு வாங்க நோர்பு. கையை வெளிய எடுங்க. மாப்பிள்ளை மாதிரி நில்லுங்க. எங்க, கொஞ்சம் சிரிங்க!”

“அவர் அங்கேயே நிக்கட்டும்,” என்றாள் டீச்சர். “நீங்க நிழலுக்குப் போங்க.”

போனார். வெயிலை விட்டு வெளியே கால் வைத்ததும் உள்ளங்காலிலிருந்து குளிர் ஏறியது.

நோர்பு கைகளை எடுத்து முன்னால் கோத்துக்கொண்டு சிரித்தார். பொன்னையா பொத்தானை அழுத்தினார்.

கேமராவின் சின்னத் திரையில் நோர்பு நீலமாக இருந்தார். முகம் நீலம். கை நீலம். மணப்பெண் முகம் இப்படி விழுந்திருந்தால் ஆல்பம் அன்றைக்கே திரும்பி வந்திருக்கும்.

நிறத்தைச் சரிசெய்யும் திருகுக்குக் கட்டைவிரல் தானாகப் போனது. கையுறை தடித்திருந்ததால் திருக வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தார்.

கையுறையில் கழுதை வாடை அடித்தது.

காலையில் ஓடையைத் தாண்டும்போது வழுக்கி விழுந்து பனிக்கட்டி உடைந்ததில், பொன்னையாவின் கையுறைகள் நனைந்துவிட்டன. ‘எனக்குப் பழக்கம்’ என்று சொல்லி நோர்பு கழற்றிக் கொடுத்தவை இவை.

“நீலம் ஏறிடுச்சு டீச்சர். ஒரு நிமிஷம், எடுத்துடறேன்.”

“எதுல நீலம்?”

“கையில.”

“எந்தக் கையில?”

பொன்னையா திரையிலிருந்து தலையைத் தூக்கினார்.

‘ஆச்சு’ என்று அவர் இன்னும் சொல்லவில்லை. அதனால் நோர்பு அப்படியே நின்றார், மாப்பிள்ளை மாதிரி, கையுறையில்லாமல் நீலம் பாரித்த கைகளை முன்னால் கோத்து, சிரித்தபடி.

பொன்னையா கேமராவை விட்டார். அது கழுத்து வாரில் தொங்கி ஆடியது. இன்னொரு கையுறையையும் உருவிக்கொண்டு ஓடினார். நோர்புவின் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். குழந்தைக்குப் போடுவதுபோல் கையுறைகளை மாட்டிவிட்டார்.

டீச்சர் பின்னாலேயே வந்தாள். அவர் கழுத்தில் தொங்கிய கேமராவைத் திருப்பிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

“அண்ணாச்சி, இதுக்குச் சட்டம் தேக்குல போடவா, வேம்புல போடவா?”

“அது கிடக்கட்டும் டீச்சர். பிளாஸ்க்குல டீ இருக்கா?”