குமிழியின் போனும் பஞ்சு என்ற முயல்குட்டியும்

காட்டாறு ஒன்றின் கரையில் பொன்னி என்ற நீர்நாய் இருந்தது. அதற்கு ஒரே மகள், குமிழி. மேட்டில் பக்கத்து வளை பவளம் என்ற முயலுடையது. அதன் மகள் துள்ளி. அந்தக் காட்டில் எல்லாரிடமும் செல்போன் உண்டு. அது எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். முயல் பேசினால் நம்புவீர்கள், போன் வைத்திருந்தால் மட்டும் நம்ப மாட்டீர்களாக்கும்.

துள்ளிக்குப் போன் வந்த அன்றே குமிழி ஆரம்பித்துவிட்டது. "எனக்கும் வேணும்மா!"

பொன்னி யோசித்தது. குமிழி நீர்நாயாகப் பிறந்தும் தண்ணீரைக் கண்டால் அலறிய பிள்ளை. முதலில் முதுகில் ஏற்றித்தான் அதற்கு ஆற்றைக் காட்டியது. பிறகு கால் தரை தட்டும் இடத்தில் விட்டது. ஆழமெல்லாம் அதற்கப்புறம்தான். போனையும் அப்படியே கொடுத்தது. முதலில் அம்மாவின் போன், அம்மாவின் மடியில், சித்தியோடு மட்டும் பேச்சு. பிறகு தனிப் போன். ஆனால் வளை வாசலில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும், பொழுது சாய்ந்தால் அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும்.

"முன்னப்பின்ன தெரியாதவங்க பேசினா பதில் போடாதே. எது வந்தாலும் என்கிட்ட காட்டு. நான் போனைப் பிடுங்க மாட்டேன்" என்றது பொன்னி.

பவளத்துக்குச் சிரிப்பு. "எதுக்குக்கா இவ்வளவு பாடு? நான் மொத்தமா கையில கொடுத்துட்டேன். பிள்ளை சத்தமே இல்ல, நானும் நிம்மதியா மேயறேன். ஏதாவது வில்லங்கம் வந்தா பிடுங்கி ஆத்துல வீசிடுவேன்னு சொல்லி வச்சிருக்கேன். பயந்துகிட்டு ஒழுங்கா இருக்கா."

ஒழுங்காகத்தான் இருந்தது, பாவம். வாயே திறக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் துள்ளி குமிழியிடம் ஓடி வந்தது. "எனக்குப் புது ஃபிரெண்ட் கிடைச்சிருக்கா. பேரு பஞ்சு, முயல்குட்டி. எங்க வளை வாசலைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னா, அனுப்பினேன். இப்ப ஆத்து வளைவுல இருக்கிற தாழம்புதருக்கு விளையாட வரச் சொல்றா. உனக்கும் மெசேஜ் போட்டிருக்காளாம். வர்றியா?"

குமிழி தன் போனை எடுத்துப் பார்த்தது. பஞ்சுவின் படம் இருந்தது. 'அம்மாகிட்ட சொல்லாதே, போனைப் பிடுங்கிடுவாங்க' என்று கீழே எழுதியிருந்தது.

"நீ உங்கம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னா ஆத்துல வீசிடுவாங்கடி. நீயும் சொல்லிடாதே. நான் கிளம்பறேன்." துள்ளி ஒரே ஓட்டமாகப் போய்விட்டது.

குமிழிக்குத் தவிப்பாக இருந்தது. சொன்னால் துள்ளி பேசவே பேசாது. ஆனால் பிடுங்க மாட்டேன் என்று அம்மா சொல்லியிருக்கிறதே. உள்ளே போய்ப் போனை நீட்டியது.

பொன்னி படத்தை உற்றுப் பார்த்தது. குட்டி முயலுக்குப் பின்னால், ஓரமாக, கறுப்பு வளையம் போட்ட வால் நுனி தெரிந்தது. காட்டுப்பூனையின் வால்! படத்தில் இருந்த குட்டி யார் பெற்ற பிள்ளையோ.

பயத்தில் பொன்னிக்குப் போனைப் பிடுங்கி எறியக் கை நீண்டே விட்டது. குமிழி கண்ணை இறுக மூடிக்கொண்டது. அந்த முகத்தைப் பார்த்ததும் பொன்னி கையை மடக்கிக்கொண்டது.

"வந்து சொன்னியே, அதுவே போதும் கண்ணு. வேற ஏதாவது இருக்கா?"

குமிழி கண்ணைத் திறந்தது. "இருக்கும்மா. துள்ளி தாழம்புதருக்குப் போயிட்டா."

அவ்வளவுதான். இரண்டும் ஆற்றில் பாய்ந்தன. கரைவழி சுற்று, ஆற்றுவழி நேர். நடு ஆழத்தில் குமிழி அம்மாவுக்குச் சரியாக நீந்தியது.

வளைவில் துள்ளி நின்றுகொண்டிருந்தது. "பஞ்சு, எங்க ஒளிஞ்சிருக்கே?" என்று புதரைப் பார்த்துச் செல்லமாகக் கூப்பிட்டது. புதருக்குள் இரண்டு கண்கள் பதுங்கின.

"துள்ளி, தண்ணியில குதி!" என்று கத்தியது குமிழி.

துள்ளி குதித்தது. பாய்ந்து வந்த பூனையின் நகத்தில் வால்மயிர்தான் கொஞ்சம் சிக்கியது. பொன்னி துள்ளியை முதுகில் ஏற்றிக்கொண்டு அக்கரை ஓரமாகவே வீடு வந்து சேர்ந்தது.

விஷயம் தெரிந்ததும் பவளம் மகளைக் கட்டிக்கொண்டு கதறியது. அழுத கையோடு துள்ளியின் போனைத் தூக்கி ஆற்றை நோக்கி ஓங்கியது.

"பவளம், வேண்டாம்" என்றது பொன்னி. "இப்ப அதை வீசினா, அடுத்த தடவை உன்கிட்ட ஒண்ணுமே சொல்ல மாட்டா."

பவளத்தின் கை மெல்ல இறங்கியது. போனைத் தன் மடியில் வைத்துக்கொண்டது. "நாம ரெண்டு பேரும் சேர்ந்து முதல்லேர்ந்து பழகுவோம், வா" என்று மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டது. பிறகு குமிழியின் தலையைத் தடவியது. "என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடுத்தவ நீதான்டி தங்கம். நான் உயிரோட இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேன்." பழைய வாசலின் படம் பூனையிடம் இருக்கிறதே, அன்றைக்கே முயல்கள் மேட்டின் மறுபக்கம் புது வளை தோண்டின. நீர்நாய்களும் கூட நின்று மண் தள்ளின.

திரும்பும்போது குமிழி அம்மாவின் முதுகில் ஏறிப் படுத்துக்கொண்டது. இவ்வளவு வளர்ந்த பிள்ளை! பொன்னி இறக்கிவிடாமல் நடந்தது.

"அம்மா, நீ கையை நீட்டினே, நான் பார்த்தேன்."

"ஆமாம். பயந்துட்டேன்."

"நீ மட்டும் பிடுங்கியிருந்தா, துள்ளி போன இடத்தை நான் சொல்லியிருக்கவே மாட்டேன்மா. நல்லவேளை, நீ எனக்கு அம்மாவா வந்தே."

போனை மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போவதும் எளிது, பயந்து பிடுங்கி வீசுவதும் எளிது, ஆனால் கூடவே இருந்து மெல்ல மெல்லப் பழக்கிய பிள்ளைதான் ஆபத்து வரும்போது அம்மாவிடம் ஓடி வரும்.