மூன்று பூச்சு

குருவுக்கு நாற்பது வயது. சீடர் தணிகைவேலுக்கு அறுபத்திரண்டு. மாநகராட்சியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

மடத்து வாசலில் பஸ் நிறுத்தம். உட்கார ஒரு பலகைகூடக் கிடையாது. பூ விற்கும் அஞ்சலை கூடையோடு கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பாள்.

"மனு போட்டா மூணு வருஷம் ஆகும், சாமி. எனக்குத் தெரியாதா?" என்றார் சீடர்.

"ஆணி அடிக்கத் தெரியுமா?" என்றார் குரு.

தெருவே கூடிவிட்டது. ஒரு வீட்டிலிருந்து பழைய கதவு வந்தது. தையற்காரர் நாவலன் சுத்தியல் கொண்டுவந்தார். அஞ்சலை ரம்பத்தை வாங்கி, பொறியாளரைவிட நேராக அறுத்தாள். இரண்டே நாளில் சாய்மானம் வைத்த பெஞ்சு தயார்.

எல்லோரும் உட்கார்ந்து பார்த்துச் சிரித்தார்கள். தணிகைவேல் மட்டும் எதிரே நின்று சாய்மானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குருவிடம் மெல்லக் கேட்டார்.

"நான் கட்டின பாலம் பதினொண்ணு, சாமி. கல்வெட்டுல எல்லாம் வேற யார் யார் பேரோ இருக்கு. இதுலயாவது என் பேரு நிலைக்கக் கூடாதா?"



"எழுதுங்க," என்றார் குரு.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக, சாய்மானம் முழுக்கச் சிவப்புப் பெயிண்டில் 'உபயம்: தணிகைவேல்' என்று எழுதினார். அழியவே கூடாது என்று மூன்று பூச்சு. ஒன்று காய்வதற்குள் அடுத்தது. பிறகு நிம்மதியாகக் குளிக்கப் போனார்.

ஏழு மணி பஸ்ஸுக்கு வந்தவர்கள், பெஞ்சைக் கண்ட சந்தோஷத்தில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

பத்து மணிக்கு மார்க்கெட்டிலிருந்து திரும்பிய அஞ்சலை, முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

"அண்ணே, 'தணி' எங்கிட்ட இருக்கு. 'கை' தையக்காரர் சட்டையில. 'வேல்' காலேஜுக்குப் போயிருச்சு. இந்தப் புடவைய நீங்கதான் மண்ணெண்ணெய் போட்டுத் துவைக்கணும்!"

தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. தணிகைவேல் பெஞ்சைப் பார்த்தார். சிவப்புக் கறைதான் மிச்சம்.

"சாமி! என் பேரு..." என்று மடத்துக்குள் குரல் கொடுத்தார்.

குரு மண்ணெண்ணெய்த் துணியோடு வெளியே வந்தார். மிச்சக் கறையையும் துடைத்தார்.

"அது பஸ் ஏறிப் போயிடுச்சு, இன்ஜினியரே," என்றார். "இப்ப உங்களுக்கும் இடம் இருக்கு. உக்காருங்க."