சீமைப் பெருச்சாளிக்குக் கட்டிய வலை

நெடுமருதூர்க் கண்மாய்க்கு வந்த கேட்டைச் சொல்கிறேன். நடுவில் யாரையும் திட்டிவிடாமல் கேளுங்கள். கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்பேன்.

அந்த ஊருக்குப் பிழைக்க வந்த ஒருவன், ரோமத்துக்காக வளர்க்கலாம் என்று வெளிநாட்டு எலிகள் சிலவற்றை வரவழைத்தான். பூனையைவிடப் பெரியவை, முன்பற்கள் காவி நிறம், நாள் முழுக்க நீரில் நீந்தும். வாங்க ஆள் கிடைக்கவில்லை. கூண்டுகளைத் திறந்து கண்மாயில் விட்டுவிட்டு ஊரைக் காலி செய்தான்.

ஊரார் அவற்றுக்குச் சீமைப் பெருச்சாளி என்று பெயர் வைத்தார்கள். முதலில் கொண்டாட்டம்தான். பிள்ளையார் வாகனம் என்று சிலர் கொழுக்கட்டை போட்டார்கள். மதுரையிலிருந்து காரில் வந்து கேரட் நீட்டிப் படம் எடுத்தார்கள். கரைமேல் டீக்கடை வைத்திருந்த மாயழகு அந்தக் கேரட்டையும் விற்றான். கரைக்குக் கீழே இருந்த காலனிக்காரர்கள், கரையில் வளை தோண்டுகின்றன, பிடித்துக் கொல்லுங்கள் என்று கிராமசபையில் முறையிட்டார்கள். வாயில்லா ஜீவன் என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்துவிட்டார்கள். அதில் மாயழகின் குரல்தான் பெரிது.

மறுவருடம் அவை கணக்கில்லாமல் பெருகி நாற்றைத் தின்றன. கரை சல்லடையானது. இப்போது அதே ஊர் விஷம் கேட்டது. ஆனால் குடிதண்ணீரும் அந்தக் கண்மாய்தான். பொறி வைத்துப் பார்த்தார்கள். பிடிபட்டதைவிடப் பிறந்தது அதிகம்.

கண்மாய் நிரம்பினால் மிச்ச நீர் கலுங்கு வழியாக வழிந்து, ஓடையில் இறங்கி, வரத்துக்கால் வழியாகக் கீழ்க்குடிக் கண்மாய்க்குப் போகும். ஓடை அதைத் தாண்டி ஆற்றில் சேரும். கீழ்க்குடிக்காரர்கள் பயந்துபோய்த் திரண்டு வந்தார்கள். ஊராட்சித் தலைவர் சௌந்தரவள்ளி கலுங்கு நெடுகக் கம்பிவலை அடித்தார். பிறகு கீழ்க்குடிக்கே போய், அவர்கள் காவல்தெய்வத்தின் முன் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். "என் உசுரு இருக்கவரைக்கும் ஒண்ணுகூட உங்க பக்கம் வராது."

ஐப்பசியில் பிடித்த மழை விடவில்லை. பெருச்சாளிகள் கடித்துப் போட்ட கோரையெல்லாம் மிதந்து வந்து வலையில் அப்பியது. கலுங்கு அடைபட்டது. ஆட்கள் இடுப்பளவு நீரில் நின்று வாரினார்கள். வாரிய இடம் வாரிய கையோடு மூடிக்கொண்டது. நீர் ஏறியது. காலனிக்கு நேர் மேலே கரையில் ஒரு வளை வழியாகத் தண்ணீர் பீறிட்டது. மணல்மூட்டை வைத்து அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று பீறிட்டது. காலனி சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். எழுந்து நடக்கமாட்டாத கிழவர்கள் இன்னும் வீடுகளுக்குள் கிடந்தார்கள்.

வலையை அறுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினார்கள். சௌந்தரவள்ளி கலுங்குக் கல்மேல் நின்று மறித்தார். அழுதுகொண்டேதான் மறித்தார். இங்கே ஒரு கரைக்கு வந்த கேடு, வலையை அறுத்தால் ஆறு போகிற வழியெல்லாம் உள்ள கண்மாய்களுக்கும் வரும், அங்கேயும் கரைக்குக் கீழே வீடுகள் இருக்கின்றன என்றார். இன்னும் மூட்டை போடுங்கள், மழை விட்டுவிடும் என்றார்.

மாயழகு இரும்பு அறுக்கிற ரம்பத்தோடு வந்தான். "தள்ளிக்கங்க தலைவரம்மா. இதுகளுக்குத் தீனி போட்டவன் நான். பாவம் என் தலையிலயே விடியட்டும்."

"உன் தலையில எங்க விடியுது? கீழ்க்குடிக்காரன் தலையிலயில்ல விடியும்," என்றார் அவர்.

அவன் ரம்பத்தோடு நீரில் இறங்கினான்.

காலனியைச் சேர்ந்த பிலோமினாள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்போன் கோபுரம் முந்தின நாளே செத்திருந்தது. கீழ்க்குடிக்குச் சொல்ல ஓர் ஆளையாவது அனுப்புங்கள் என்று தலைவரிடம் கேட்டாள். சொல்லி அனுப்பினால் வாக்குத் தவறியதை நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவர் மறுத்துவிட்டார். பிலோமினாளின் வீடு பீறிடும் வளைக்கு நேர் கீழே இருந்தது. நெல்லும் துணிமணியும் உள்ளே. ஆடுகள் கொட்டிலில் கட்டியபடி. அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஓடைக்கரையோடு கீழ்க்குடிக்கு ஓடினாள்.

அவள் சொன்னதைக் கேட்டதும் கீழ்க்குடிக்காரர்கள் அடிக்க வந்தார்கள். "என்னைய அப்புறம் அடிங்க. முதல்ல வரத்துக்கால அடைச்சுத் தண்ணிய ஆத்துக்குத் திருப்புங்க," என்றாள். சபித்துக்கொண்டே அடைத்தார்கள்.

வலை அறுந்தது. வெள்ளம் மாயழகைக் கல்லில் அடித்து வலது கையை நொறுக்கிப் போட்டது. கண்மாயில் நீர் இறங்கியது, கரை நின்றது, கிழவர்கள் பிழைத்தார்கள். பிலோமினாள் வீட்டு மண்சுவர் ஊறி விழுந்து ஆடுகள் செத்தன. பெருச்சாளிகள் வெள்ளத்தோடு ஆற்றில் இறங்கி அப்பாலுள்ள ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. கீழ்க்குடிக்குள் ஒன்றுகூட நுழையவில்லை. தண்ணீரும் நுழையவில்லை. பெருச்சாளிக்குப் பயந்து வரத்துக்காலைத் திறக்கவே இல்லை; மழையும் அதோடு ஓய்ந்துபோனதால் அந்த ஊர்ப் பயிர் முழுக்கக் கருகியது.

சௌந்தரவள்ளி மறித்தார். மாயழகு அறுத்தான். பிலோமினாள் ஓடினாள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மாயழகு என்றுதான் பலரும் சொல்வீர்கள். கிழவர்களைக் காப்பாற்றியது அவன் கைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கான விலையை ஆற்றோரத்து ஊர்கள் கொடுத்தன; அவர்களை அவன் கேட்கவில்லை. சௌந்தரவள்ளியின் பயம் நியாயமானது. என்றாலும் கரை உடைந்திருந்தால் வீடுகளோடு பெருச்சாளிகளும்தான் வெளியே போயிருக்கும். மறித்ததால் மட்டும் அந்த வாக்கு நின்றிருக்காது. கேட்டைத் தாங்கப்போகிறவர்களிடம் நேரில் போய் நின்று, கேடு வருகிறது என்று சொன்னவள் பிலோமினாள் ஒருத்திதான். அவள் செய்ததே சரி. கீழ்க்குடிக் கரையில் இன்றுவரை ஒரு வளைகூட இல்லை. அந்த ஊரில் இன்றுவரை யாரும் அவளை நடவுக்குக் கூப்பிடுவதும் இல்லை.