ஓடாத பம்பின் ரீடிங்குகள்

“நீங்க எனக்கு ஏதோ ஒண்ணைச் சொல்லித்தராம விட்டுட்டீங்க, மேடம்.”

வந்ததும் வராததுமாக அருளப்பன் இப்படிச் சொன்னான். வயது நாற்பத்து நான்கு. ஒரு சாய ரசாயன ஆலையில் பாதுகாப்புப் பிரிவின் தலைவன். இருபத்து மூன்று வருடங்களுக்கு முன் இதே பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவன்.

பேராசிரியர் தமயந்தி திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மூடினார்.

“உட்காரு. எதை விட்டேன்?”

“அதுதான் தெரியலை. அழுத்தம் ஏறினா வால்வு தானாத் திறக்கணும், திறக்கலைன்னா கலன் வெடிக்கும்னு சொல்லித்தந்தீங்க. பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கினேன்.”

“அப்புறம்?”

“போன வாரம் எங்க ஆலையில வால்வு திறக்கலை.”

தமயந்தி பேனாவைக் கீழே வைத்தார்.

“சோதிச்சாச்சுன்னு ரிஜிஸ்டர்ல இருக்கு. யாரும் சோதிக்கலை. கையெழுத்து என்னுது.”

“யாருக்கு அடி?”

“ராக்கப்பன்னு ஒரு ஆபரேட்டர். மூடி தெறிச்சு, அமிலம் முகத்துல அடிச்சிருச்சு. ரெண்டு கண்ணும் போச்சு.”



“ஏன் கையெழுத்துப் போட்டே?”

“மறுநாள் ஆடிட். வால்வைக் கழட்டினா ஒரு நாள் உற்பத்தி நிக்கும். அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு இருந்துட்டேன்.”

“அப்படிப் போட்டது அதுதான் முதல் தடவையா?”

அருளப்பன் தலைகுனிந்தான்.

“இல்லை. முதல் தடவை உங்க லேப்லதான். மூணாம் வருஷம். பம்ப் ஓடலை. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எட்டு ரீடிங்கும் எழுதினேன். காப்பின்னு தெரியக்கூடாதுன்னு அங்கங்கே ஒரு புள்ளி கூட்டிக் குறைச்சேன்.”

“ம்.”

“உங்களை ஏமாத்திட்டேன், மேடம்.”

“ஏமாத்தலை.”

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“அந்த வாரம் பம்ப்ல மோட்டாரே கிடையாது. கழட்டி ரிப்பேருக்கு அனுப்பினது நான்தான்.”

“அப்போ என் ரெக்கார்டு…”

“உன்னுது மட்டுமா? முப்பத்திரண்டு ரெக்கார்டு. மறுநாள் லேபுக்கு இன்ஸ்பெக்‌ஷன். உட்கார்ந்து எல்லாத்திலயும் கையெழுத்துப் போட்டேன். உனக்குப் பத்துக்கு ஒன்பது.”

வராந்தாவில் மாணவிகள் சிலர் சிரித்துப் பேசியபடி போனார்கள். 

“ராக்கப்பன் எந்த ஆஸ்பத்திரில?”

“பெரிய ஆஸ்பத்திரிலதான். நான் இன்னும் போகலை, மேடம். அவர் சம்சாரம் அங்கேயே இருக்காங்களாம். அவங்க முகத்துல எப்படி முழிக்கிறது?”

தமயந்தி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“நீங்க எதுக்கு மேடம்?”

அவர் அறையைப் பூட்டினார்.

தீக்காயப் பிரிவின் வாசலில் ராக்கப்பனின் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கணவனின் மூக்குக்கண்ணாடி. இவர்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

அருளப்பன் அவள் முன்னால் போய் நின்றான். 

“அந்த வால்வைச் சோதிக்காமலே சோதிச்சாச்சுன்னு கையெழுத்துப் போட்டவன் நான்தாம்மா.”

அவள் அழவில்லை, திட்டவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் பக்கத்தில் நின்ற நரைத்த தலையைப் பார்த்தாள்.

“நீங்க யாரும்மா?”

தமயந்தி சொன்னார்:

“இவனுக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டவ.”