இடிதின்னியின் கிழிந்த காது

உலகத்தில் இல்லாத ஒரு விலங்குக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடிய வழக்கு இது. கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

மதுரையில் குழந்தைகளுக்கான கணினி விளையாட்டுகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் கனகவல்லி தற்காலிக ஓவியராக இருந்தாள். கற்பனை விலங்குகளைத் திரையில் வரைவது அவள் வேலை. "யார் வரையிற விலங்கு புது விளையாட்டுக்கு நாயகன் ஆகுதோ, அவங்களுக்கு வேலை நிரந்தரம்" என்று தலைவர் மாசிலாமணி அறிவித்தார். மற்றவர்கள் மாதக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கனகவல்லி இடிதின்னியை வரைந்தாள். எறும்புதின்னியின் செதில் உடம்பு, கொக்கின் கழுத்து, முறம் போல இரண்டு காதுகள். பிள்ளைகள் பயப்படாதபடி இடியோசையைக் காதாலேயே விழுங்கிவிடும். விழுங்கி விழுங்கி அதன் இடது காது கிழிந்து தொங்கும். சிறு வயதில் திருவிழா அதிர்வேட்டு பக்கத்தில் வெடித்ததிலிருந்து கனகவல்லிக்கும் இடது காது கேட்காது. அதை அவள் அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகப் புரட்டிப் பார்க்காமல் முடிக்கக் கூடாது என்பது மாசிலாமணி போட்ட சட்டம். பழகிய கண்ணுக்குத் தப்பும் கோணல் அப்போதுதான் அகப்படும். கனகவல்லியும் புரட்டிப் பார்த்தாள். திரும்பப் பழையபடி வைக்க மறந்து சாப்பிடப் போய்விட்டாள். பக்கத்து இருக்கைச் சபாபதி அந்த நேரம் பார்த்து, அடுக்கடுக்காக இருந்த வரைவுகளைப் புரண்டபடியே, தடயம் தெரியாமல் ஒன்றாக்கி, தன் பெயரில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்தான். எதிரே இருந்த தமயந்தி அதைப் பார்த்தாள்.

விவகாரம் மாசிலாமணியிடம் போயிற்று. அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "எந்தக் காது கிழிஞ்சிருக்கு?" என்றார்.

"வலது காது சார்," என்றான் சபாபதி.

கனகவல்லி வலது காதை அவர் பக்கம் சாய்த்து, "இன்னொரு தடவ சொல்லுங்க சார்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு, "இடது காது சார்" என்றாள்.

"படத்துல வலதுல்ல இருக்கு?"

"அப்ப படம் பொரண்டு கெடக்கு சார். பொரட்டிப் பாருங்க."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்றவர் தமயந்தியிடம் திரும்பினார். "நீ ஏதும் பாத்தியாம்மா?"

அவள் வேலையும் ஊசலாடிக்கொண்டிருந்தது. "கவனிக்கல சார்," என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

வேலை சபாபதிக்குப் போனது. கனகவல்லி தன் பேனாவையும் வரைபலகையையும் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

திருடியவன் சபாபதி. வாய் திறக்காதவள் தமயந்தி. தீர்ப்புச் சொன்னவர் மாசிலாமணி. இந்த மூவரில் அவளுக்குப் பெரிய அநியாயம் செய்தவர் யார்?

விடை: மாசிலாமணிதான். சபாபதிக்கு ஆசை, தமயந்திக்குப் பயம், இரண்டும் குற்றமே. ஆனால் அவருக்கு இழக்க ஒன்றுமில்லை. புரட்டும் பழக்கம் அவரே கற்றுக்கொடுத்தது. அவள் எந்தக் காதை நீட்டிக் கேட்டாள் என்பதும் அவர் கண்ணெதிரில் நடந்தது. "ஏன் அந்தக் காது?" என்று இருவரையும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சபாபதி விழித்திருப்பான். தெரியாமல் தவறவில்லை, தன் கௌரவத்துக்காகக் கேட்காமல் விட்டார். இப்போது ஊர்ப் பிள்ளைகளெல்லாம் விளையாடும் இடிதின்னிக்குக் கிழிந்து தொங்குவது, கனகவல்லிக்குக் கேட்கிற காது.